ஐம்பத்திரண்டு வினாடி

பணகுடிக்குத் தெற்கே நூற்றுப் பதினேழாம் காற்றாலை
நின்றுபோனால்
ஏன் நின்றேன் என்று அதுவே எழுதி வைத்துவிடும்.
மணி, நிமிடம், ஒரு மூன்றிலக்க எண்.
எண்பது மீட்டர் ஏணியில் ஏறி
அந்த எண்ணுக்குரிய திருகை முடுக்கிவிட்டு
இறங்கி வந்து டீ குடிக்கலாம்.
பதினோரு வருஷமாய் இதுதான் என் பிழைப்பு.

எப்சிக்கு நாலு வயது.
முதல் தடவை சித்திரையில், அதிகாலை இரண்டே முக்கால்.
இடது கால் பாயைத் தட்டியது,
தெரிந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறவர் போல
அவசரமில்லாமல்.
கண் திறந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை.
நான் நின்ற இடத்தின் வழியே
வேறெதையோ பார்த்தது.
பிறகு ஒரு பெருமூச்சு. புரண்டு படுத்தாள்.
காலையில் தோசைக்குச் சீனி கேட்டாள்.

அதற்குப் பின் எட்டுத் தடவை.
காலண்டரில் பென்சிலால் வட்டம் போட்டேன்.
வெள்ளிக்கிழமை என்றில்லை, அமாவாசை என்றில்லை,
காய்ச்சல் இல்லை, பயந்த நாளும் இல்லை.
வட்டங்களைக் கோடு இழுத்துச் சேர்த்துப் பார்த்தேன்.
ஒரு உருவமும் வரவில்லை.

மேலவீட்டு சுயம்புக்கனி அக்கா
பீரோச் சாவியைக் கொண்டுவந்து கையில் திணித்தாள்.
"இரும்புல்லா, பிடிச்சா நின்னுரும்."
சாவி நழுவி விழுந்தது. ஆட்டம் நின்றது.
இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததால்
அக்கா அதைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டாள்.
ரூபி ஒன்றும் சொல்லாமல்
சாவியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

பாளையங்கோட்டை டாக்டர்
தலைக்கு எண்ணெய் வேண்டாம் என்றார்,
முந்தின ராத்திரி தூங்கவும் விடவேண்டாம்.
மொட்டைமாடியில் உட்காரவைத்து
காற்றாலைகளின் சிவப்பு விளக்குகளை எண்ணச் சொன்னோம்.
அவளுக்கு இருபது வரைதான் தெரியும்.
இருபதுக்கு அப்புறம் மறுபடி ஒன்று.
அப்படியே விடிந்தது.
பஸ்ஸில் நாங்குநேரி தாண்டுமுன் தலை சாய்ந்தது.
கிள்ளினேன்.
மூன்றடைப்பில் இன்னொரு தடவை.
அவள் அழவில்லை.
என் கையை எடுத்துத் தள்ளி வைத்தாள்,
அவ்வளவுதான்.

தலை முழுக்கப் பசையும் வயரும் ஒட்ட
அரை மணி நேரம் தூங்கினாள்.
திரையில் கோடுகள் ஓடின, ஓடின.
நார்மல் என்றார்.
மறுபடி சொல்லுங்க சார் என்றேன்.
நார்மல்.
நல்ல வார்த்தைதான்.
அதை எந்த இடத்தில் வைத்து முடுக்குவது என்றுதான்
எனக்குத் தெரியவில்லை.

"அடுத்த தடவை வந்தா வீடியோ எடுத்துட்டு வாங்க.
பார்த்தாத்தான் ஏதாவது சொல்ல முடியும்."

பதினான்கு ராத்திரி
தலைமாட்டில் போனும் நானும்.
வரக்கூடாது என்று ரூபி ஜெபிக்கிறாள்.
வந்துவிட்டால் தெரிந்துவிடுமே என்று நான் முழித்திருக்கிறேன்.
பிள்ளைக்கு வெட்டு வரட்டும் என்று
தகப்பன் காத்திருக்கிற வீட்டை
ஆண்டவர் எந்த நோட்டில் எழுதுவாரோ.

பதினைந்தாம் நாள் வந்தது.
ஆடிக் காற்றில் ஜன்னல் கிடுகிடுக்க
கரண்ட் போயிருந்த நேரம்.
டார்ச் அடிக்க ஒரு கை,
போன் பிடிக்க ஒரு கை,
பிள்ளையை ஒருக்களித்துப் பிடிக்க
என்னிடம் மூன்றாவது இல்லை.
டார்ச்சைப் போட்டேன்.
போன் எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் காட்ட
இது ஒன்றுதான் இருக்கிறது. ஐம்பத்திரண்டு வினாடி.
கறுப்பு. முழுக்கக் கறுப்பு.
பாயில் கால் தட்டுகிற சத்தம்.
எப்சி, எப்சி என்று யாரோ கூப்பிடுகிறார்கள்;
என் குரல் இவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரியாது.
ரூபி விநாடிகளை எண்ணுகிறாள், சத்தமாக,
இருபதைத் தாண்டி, முப்பதைத் தாண்டி.
தட்டல் நிற்கிறது.
வெளியே காற்றாலைகளின் உறுமல் மட்டும் கொஞ்ச நேரம்.
முடியப்போகும் இடத்தில்
தூக்கம் தோய்ந்த குரலில் அவள்:
"ஏம்ப்பா ஃபேன் நின்னுட்டு?"